அமெரிக்காவில் மெடிக்கல் சீட்: முதல் முறை கிடைக்காதவர்களின் அடுத்த ஒரு வருஷம் (பெற்றோர் கேட்கும் கேள்விகள்)

இது அமெரிக்காவில் இருக்கும் தமிழ்ப் பெற்றோருக்காக எழுதியது. பிள்ளைகளுக்கு வேண்டிய விவரங்கள் ஆங்கிலத்தில் கொட்டிக் கிடக்கின்றன, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் பெற்றோர் கேட்கும் கேள்விகள் வேறு மாதிரி. பிளஸ் டூ மார்க், கட்-ஆஃப், கவுன்சலிங் என்று பழகிய மனதோடு இந்த ஊர் முறையைப் பார்க்கும்போது பல விஷயங்கள் பிடிபடுவதில்லை. திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மகளுக்குக் கல்லூரி மதிப்பெண் சராசரி (ஜிபிஏ) 4-க்கு 3.8, மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட்டில் 514. இருபது கல்லூரிக்குப் போட்டாள், ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. எப்படி?

எம்டி (இளங்கலைப் பட்டம் முடித்த பிறகு படிக்கும் இந்த ஊர் மருத்துவப் பட்டம்) படிப்புக்கு வருஷத்துக்கு 50,000-க்கு மேற்பட்டவர்கள் விண்ணப்பிக்கிறார்கள். சேர்பவர்கள் ஏறக்குறைய 23,000 பேர். சேர்ந்தவர்களின் சராசரி எம்கேட் 512-ஐ ஒட்டியும், ஜிபிஏ 3.8-ஐ ஒட்டியும் இருக்கும். உங்கள் மகளின் மார்க் அந்தச் சராசரியில்தான் இருக்கிறது. அப்படியென்றால் அவளை நிறுத்தியது மார்க் இல்லை.

இங்கே ரேங்க் லிஸ்ட் கிடையாது. மார்க், விண்ணப்பத்தைப் படிக்க வைக்கும். படித்தவர் "இந்தப் பெண் நோயாளிகள் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறாளா, இந்த வேலை என்னவென்று தெரிந்துதான் வருகிறாளா" என்று தேடுவார். நம் வீட்டுப் பிள்ளைகள் பலருடைய விண்ணப்பம் இந்த இடத்தில்தான் மெலிந்து போகிறது. ஆய்வகத்தில் இரண்டு வருஷம், கெமிஸ்ட்ரி டியூஷன், மருத்துவமனை வரவேற்பு மேசையில் கொஞ்ச நாள். அதைத் தாண்டி ஒன்றும் இருக்காது.

எங்கே தவறியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எந்தப் படியில் நின்றுபோனது என்று பாருங்கள். நேர்முகத்துக்கே ஒருவரும் கூப்பிடவில்லை என்றால் கோளாறு காகிதத்தில்: அனுபவம், கட்டுரை, கல்லூரிப் பட்டியல், அனுப்பிய தேதி, இவற்றில் ஏதோ ஒன்று அல்லது பல. மூன்று நான்கு நேர்முகம் போய்வந்து எல்லாமே வெயிட்லிஸ்ட் அல்லது நிராகரிப்பு என்றால் காகிதம் சரியாகத்தான் இருந்திருக்கிறது, பேச்சில்தான் ஏதோ இடறுகிறது. இந்த இருவருக்கும் ஒரே மருந்து கொடுக்கக் கூடாது. நேர்முகத்தில் தடுமாறிய பிள்ளையை மறுபடி எம்கேட் எழுத உட்கார வைத்தால் ஒரு வருஷம் வீண்.

சில கல்லூரிகள், சேர்க்கை முடிந்த பிறகு நிராகரித்தவர்களுக்குக் காரணம் சொல்லும். எல்லாக் கல்லூரிகளும் சொல்லாது. கேட்பதற்குக் காசில்லை, மார்ச் ஏப்ரல் வாக்கில் மகளே ஒரு மின்னஞ்சல் போடலாம். மகளே என்பதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன்.

மார்ச் ஆகிவிட்டது, இனி வராது என்று தெரிகிறது. வரும் ஜூனிலேயே மறுபடி போட்டுவிடலாமா?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஆம்காஸ் (பல கல்லூரிகளுக்கும் ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் பொது முறை) படிவம் மே முதல் வாரத்தில் திறக்கும். மே கடைசியிலிருந்து சமர்ப்பிக்கலாம், ஜூன் கடைசியில் கல்லூரிகளுக்குப் போகத் தொடங்கும். பெரும்பாலான கல்லூரிகள் வர வரப் படித்து, வர வர நேர்முகத்துக்குக் கூப்பிடுகின்றன. அதனால் ஜூனில் அனுப்பியவரும் செப்டம்பரில் அனுப்பியவரும் சமம் இல்லை. சேர்க்கைக் கடிதம் அக்டோபர் 15 முதல் வரும். வகுப்பு தொடங்குவது அடுத்த வருஷம் ஜூலை, ஆகஸ்டில்.

இப்போது கணக்குப் போடுங்கள். 2025 ஜூனில் அனுப்பினாள். 2026 மார்ச்சில் நம்பிக்கை போய்விட்டது. 2026 ஜூனில் மறுபடி அனுப்பினால், புதிதாகக் காட்டுவதற்கு அவளிடம் இருப்பது எவ்வளவு? பட்டம் வாங்கிய நாளிலிருந்தே மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள் என்றால் முழுசாக ஒரு வருஷம் இருக்கிறது, தாராளமாகப் போடலாம். பதில் வரட்டும் என்று வீட்டில் காத்திருந்துவிட்டு மார்ச்சுக்குப் பிறகுதான் எழுந்தாள் என்றால் மூன்று மாதம் இருக்கிறது. "ஜூலையிலிருந்து செய்யப் போகிறேன்" என்று வரப்போகும் மணிநேரத்தையும் படிவத்தில் போடலாம்தான். ஆனால் செய்ததற்கு உள்ள எடை செய்யப்போவதற்குக் கிடையாது. போன வருஷ விண்ணப்பமும் அந்தக் கல்லூரியிடம் இருக்கும், பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பெரிய மாற்றம் இல்லை என்று தெரிந்தால் இரண்டாவது நிராகரிப்புதான். அதுவும் பதிவில் ஏறும். ஒருவர் இத்தனை முறைக்கு மேல் விண்ணப்பிக்கக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கும் கல்லூரிகளும் உண்டு.

அப்படிப்பட்ட நிலையில் 2026-ஐ விட்டுவிட்டு, 2027 ஜூனில் போட்டு, 2028 ஆகஸ்டில் சேர்வதுதான் என் கட்சி. "ஐயோ, பட்டம் வாங்கி மூணு வருஷமா!" என்று வீட்டில் சத்தம் வரும். வரட்டும். இந்த ஊரில் மருத்துவக் கல்லூரியில் சேர்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஒரு வருஷமாவது வெளியே இருந்துவிட்டு வருபவர்கள்தான். முதல் வருஷ வகுப்பில் 24 வயதுக்காரர் சர்வ சாதாரணம். பதினேழரை வயதில் எம்பிபிஎஸ் சேரும் நம் ஊர்க் கணக்கை இங்கே கொண்டுவந்தால் பிள்ளைக்குத்தான் மூச்சு முட்டும்.

என்ன வேலைக்குப் போகலாம்?

நோயாளியின் பக்கத்தில் நிற்கும் வேலை எதுவானாலும் சரி. நடைமுறையில் கிடைப்பவை இவை.

ஸ்க்ரைப்: அவசர சிகிச்சைப் பிரிவிலோ கிளினிக்கிலோ மருத்துவர் பின்னாலேயே போய், நோயாளி சொல்வதையும் மருத்துவர் பார்ப்பதையும் உடனுக்குடன் கணினியில் குறிப்பெழுதும் வேலை. நெஞ்சுவலி என்று வந்தவரிடம் மருத்துவர் என்ன வரிசையில் கேட்கிறார், எதைக் கேட்டதும் இசிஜி சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று ஒவ்வொரு ஷிஃப்டிலும் பார்க்கலாம். சம்பளம் குறைவு, ராத்திரி ஷிஃப்ட் உண்டு. குரலைக் கேட்டுத் தானே குறிப்பெழுதும் மென்பொருள் வந்துவிட்டதால் சில இடங்களில் இந்த வேலை குறைந்து வருகிறது. அதனால் இதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

இஎம்டி: ஆம்புலன்ஸ் வேலை. சில மாதப் பயிற்சி, அப்புறம் தேர்வு. சான்றிதழ் வாங்கி வேலை கிடைப்பதற்குள் அரை வருஷம் ஓடிவிடலாம். ஒரே வருஷம்தான் கையில் இருக்கிறது என்றால் யோசித்து இறங்க வேண்டும்.

சிஎன்ஏ: முதியோர் இல்லத்திலும் மருத்துவமனையிலும் நோயாளியைக் குளிப்பாட்டி, ஊட்டி, திருப்பிப் படுக்கவைத்து, படுக்கை மாற்றும் வேலை. பயிற்சி சில வாரங்கள்தான். "நம்ம பொண்ணு பெட்பேன் தூக்கவா?" என்று முகம் சுளிக்கும் வீடுகள் உண்டு. என்னைக் கேட்டால் இந்தப் பட்டியலிலேயே இதுதான் முதல். மறதி நோய் உள்ள ஒரு பாட்டிக்கு ஆறு மாதம் தினமும் சோறு ஊட்டிய பிள்ளைக்கு "ஏன் மருத்துவம்?" என்ற கேள்விக்குக் கட்டுரை எழுதித்தர யாரும் தேவைப்பட மாட்டார்கள்.

கிளினிக்கில் மெடிக்கல் அசிஸ்டென்ட், ரத்தம் எடுக்கும் வேலை, ஹாஸ்பிஸில் (இறுதிக்கால நோயாளிகளின் பராமரிப்பு) தன்னார்வம் ஆகியவையும் நல்லவைதான். எதை எடுத்தாலும் ஒன்றைப் பிடித்துத் தொடர்ந்து செய்வது நல்லது. ஐந்து இடத்தில் இரண்டிரண்டு மாதம் என்பதை விண்ணப்பம் படிப்பவர்கள் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆராய்ச்சி வேலை கிடைத்திருக்கிறது, பெரிய பல்கலைக்கழகம். அது போதாதா?

ஏற்கெனவே நோயாளி அனுபவம் நிறைய இருந்தால் போதும். இல்லையென்றால் போதாது. எலிகளோடு ஒரு வருஷம் இருந்துவிட்டு, நோயாளிகளோடு ஏன் இருக்க ஆசைப்படுகிறேன் என்று எழுதுவது கஷ்டம். நோயாளிகளை நேரில் சந்தித்து ஒப்புதல் வாங்கி, அவர்களைத் தொடர்ந்து பார்க்கும் கிளினிக்கல் ரிசர்ச் கோஆர்டினேட்டர் வேலை என்றால் இரண்டும் சேர்ந்துவரும். ஒரு வருஷத்துக்குள் ஆய்வுக் கட்டுரை வெளியாகும் என்று எண்ணிச் சேர வேண்டாம். பெரும்பாலும் ஆகாது.

எம்கேட் மறுபடி எழுத வேண்டுமா?

514-க்கு வேண்டாம். 520 ஆக்குகிறேன் என்று எழுதப்போய் 511 வந்தால், அதுவும் எல்லாக் கல்லூரிக்கும் போகும். எழுதிய மதிப்பெண்களில் நல்லதை மட்டும் அனுப்பும் வசதி கிடையாது.

505-க்குக் கீழே என்றாலோ, நான்கு பகுதிகளில் ஒன்று மட்டும் பாதாளத்தில் இருந்தாலோ எழுதத்தான் வேண்டும். மொத்தம் 472-லிருந்து 528 வரை, ஒவ்வொரு பகுதியும் 118-லிருந்து 132 வரை. ஒரு வருஷத்தில் 3 முறை, அடுத்தடுத்த இரண்டு வருஷத்தில் 4 முறை, ஆயுளுக்கு 7 முறை எழுதலாம். பதிவு செய்துவிட்டுப் போகாமல் இருந்தாலும் அது ஒரு முறை கணக்கு. மதிப்பெண் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்பதால் ஏப்ரலுக்குள் எழுதிவிட்டால், எதிர்பார்த்த மதிப்பெண் வரவில்லை என்றாலும் ஜூனில் அனுப்புவதா வேண்டாமா என்று நிதானமாக முடிவெடுக்கலாம். பழைய மதிப்பெண்ணை இரண்டு மூன்று வருஷம்தான் பெரும்பாலான கல்லூரிகள் ஏற்கும். ஒரு வருஷம் தள்ளிப்போடும் முன் இதையும் பாருங்கள்.

நம் பிள்ளைகளில் நிறையப் பேர் வழுக்குவது கார்ஸ் என்ற வாசிப்புப் பகுதியில். 90 நிமிடத்தில் 53 கேள்வி. தத்துவம், கலை விமர்சனம், வரலாறு என்று அறிவியலே இல்லாத பத்திகள். கோச்சிங்கில் சூத்திரம் கற்றுக்கொண்டு தாண்ட முடியாத பகுதி இது. நல்ல நீண்ட கட்டுரைகளை மாதக்கணக்கில் தினமும் படிப்பதும், அசல் மாதிரித் தேர்வுகளை எழுதி ஒவ்வொரு தவறையும் "ஏன் அந்த விடையைப் பிடித்தேன்" என்று கேட்டுக்கொள்வதும்தான் வழி. இடைவெளி வருஷத்தில்தான் இதற்கு நேரம் கிடைக்கும்.

ஜிபிஏ 3.3. மாஸ்டர்ஸ் சேர்த்துவிடலாமா?

முதலில் கணக்கு. 120 கிரெடிட் 3.3-இல் முடித்தவர், மேலும் 30 கிரெடிட் எடுத்து எல்லாவற்றிலும் ஏ வாங்கினால் மொத்தம் 3.44 ஆகும். அவ்வளவுதான் நகரும். ஆனால் கடைசி 30 கிரெடிட்டும் கடினமான அறிவியல் பாடங்கள், எல்லாம் ஏ என்றால், படிப்பவர் அந்தப் போக்கைக் கவனிப்பார். பட்டம் முடித்த பிறகு இளங்கலைப் பாடங்களாகவே எடுக்கும் போஸ்ட்-பேக் இப்படி இளங்கலை ஜிபிஏவில் சேரும். மருத்துவக் கல்லூரிப் பாடங்களை ஒட்டிய ஸ்பெஷல் மாஸ்டர்ஸ் தனிக் கணக்கு, பழைய 3.3 அப்படியே நிற்கும். செலவும் அதிகம். அங்கே பி வாங்கினால் கதவு இன்னும் இறுக்கமாக மூடிக்கொள்ளும். அறிவியல் பாடங்களில் மட்டும் அடி வாங்கியவருக்கு அருகிலுள்ள அரசுப் பல்கலைக்கழகத்தில் போஸ்ட்-பேக்தான் முதலில் பார்க்க வேண்டியது. ஜிபிஏ 3.8 இருப்பவர் மாஸ்டர்ஸ் பக்கமே போக வேண்டியதில்லை. "சும்மா இருக்காம ஒரு டிகிரி" என்பதற்காகப் பல பத்தாயிரம் டாலர் கட்டுவது எனக்கு உடன்பாடில்லை.

மதுரையில் என் அண்ணன் சர்ஜன். ரெண்டு மாசம் அனுப்பி வைக்கட்டுமா? ஆபரேஷன் தியேட்டரிலேயே நிற்கலாம்.

அனுப்புங்கள், பெரியப்பாவோடு இருந்து பார்க்கட்டும், நல்ல அனுபவம்தான். ஆனால் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க மட்டும் வேண்டும். பிரியத்தில் "இந்தா, இதைப் பிடி, ஒரு தையல் போடு" என்பார்கள். இந்த ஊரில் பயிற்சி பெறாதவர் செய்யக் கூடாததை வேறு நாட்டு ஏழை நோயாளியிடம் செய்தேன் என்று விண்ணப்பத்தில் எழுதினால், படிப்பவர் வியக்க மாட்டார், முகம் சுளிப்பார். வெளிநாட்டில் மாணவர்கள் நோயாளியைத் தொடுவது பற்றி அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கமே எச்சரிக்கை வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. நோயாளியோடு எடுத்த படங்களை இன்ஸ்டாகிராமில் போடவே கூடாது. இன்னொன்று: அந்த இரண்டு மாதம், இங்கே அமெரிக்க மருத்துவமனையில் இருப்பதற்கு ஈடாகாது. இங்குள்ள மருத்துவம் எப்படி நடக்கிறது என்று பார்த்திருக்கிறாளா என்பதைத்தான் கல்லூரி தேடுகிறது.

போன வருஷக் கட்டுரையையே கொஞ்சம் தட்டிக்கொட்டிப் போடலாமா?

கூடாது. ஏன் மருத்துவம் என்று சொல்லும் அந்தக் கட்டுரை, அதாவது பர்சனல் ஸ்டேட்மென்ட், 5,300 எழுத்துகள், இடைவெளியையும் சேர்த்து. அதைப் புதிதாகத்தான் எழுத வேண்டும். ஆனால் பெரிய வேலை அதிலில்லை, செயல்பாடுகள் பகுதியில் இருக்கிறது. 15 செயல்பாடுகள் போடலாம், ஒவ்வொன்றுக்கும் 700 எழுத்துகள். முக்கியமான மூன்றுக்குக் கூடுதலாக 1,325.

பலர் இப்படி எழுதுகிறார்கள்: "முதியோர் இல்லத்தில் நோயாளிகளுக்கு உதவினேன். குழுவாக வேலை செய்யவும் பரிவோடு பேசவும் கற்றேன்." இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம், அந்தக் கட்டிடத்துக்குள் போகாதவரும் எழுதலாம். அதே பிள்ளை இப்படி எழுதினால்? "மாலை ஷிஃப்டில் எட்டுப் பேர் என் பொறுப்பு. ஒருவர் குளிக்க மறுத்துக் கையை ஓங்குவார். ராணுவத்தில் இருந்தவர் என்று மகன் சொன்ன பிறகு, பின்னாலிருந்து தொடுவதை நிறுத்தினேன். முன்னால் நின்று, செய்யப்போவதைச் சொல்லிவிட்டுச் செய்தேன். அதன்பின் ஓங்கவில்லை. அடுத்த ஷிஃப்டுக்கும் எழுதிவைத்தேன்." பரிவு என்ற சொல்லே இதில் வரவில்லை. வேலை நடக்கும்போதே வாரம் ஒருமுறை நோட்டில் நாலு வரி குறித்து வைத்தால்தான் இப்படி எழுத வரும். மே மாதத்தில் உட்கார்ந்து யோசித்தால் வராது. நோயாளியின் பெயரையும் அடையாளம் தெரிகிற விவரங்களையும் நோட்டிலும் எழுதக் கூடாது.

சிபாரிசுக் கடிதங்கள்?

பழைய கடிதங்கள் தானாக அடுத்த வருஷத்துக்கு வராது, மறுபடி அனுப்பச் சொல்ல வேண்டும். இந்த வருஷம் கூட வேலை பார்த்த மருத்துவரிடமோ மேலாளரிடமோ ஒன்று புதிதாக அவசியம் வாங்க வேண்டும். சிக்கலான சூழ்நிலையில் எப்படி நடந்துகொள்வார் என்று பார்க்க சில கல்லூரிகள் கேட்கும் காஸ்பர் தேர்வும் அப்படித்தான், மறுபடி எழுத வேண்டும்.

எங்களுக்கு இன்னும் கிரீன் கார்டு வரவில்லை.

இது தனிச் சிக்கல், நம்மவர்களில் பலர் மாட்டிக்கொண்டிருப்பது. எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்தாருக்கு உள்ளது) இருக்கும் பிள்ளை சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. எச்-4 வேலை அனுமதி துணைவருக்குத்தான், பிள்ளைகளுக்கு இல்லை. 21 வயதானால் எச்-4-உம் போய்விடும். எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறிப் பட்டம் முடித்தவர், ஓபிடி என்ற பட்டத்துக்குப் பிந்தைய வேலை அனுமதியில் 12 மாதம் வேலை பார்க்கலாம், படித்த துறையோடு சம்பந்தம் இருக்க வேண்டும். அறிவியல் பட்டம் என்றால் மேலும் 24 மாதம் நீட்டிக்கலாம். முதல் 12 மாதத்தில் வாரம் 20 மணிநேரத்துக்குக் குறையாத தன்னார்வ வேலையும் ஏற்கப்படும், நீட்டிப்பில் ஏற்கப்படாது. முதல் 12 மாதத்தில் வேலையில்லாமல் மொத்தம் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. பட்டம் வாங்கும் முன்பே கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் பேசிவிட வேண்டும், அதற்கப்புறம் போனால் காலம் கடந்துவிடலாம்.

பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களை எடுப்பதே இல்லை. எவை எடுக்கின்றன என்பதை அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கத்தின் எம்எஸ்ஏஆர் தளத்தில் கல்லூரி வாரியாகப் பார்க்கலாம். போன முறை அதைப் பார்க்காமல் போட்டிருந்தால், அந்த நிராகரிப்புகளுக்கும் உங்கள் பிள்ளையின் தகுதிக்கும் சம்பந்தமே இல்லை.

கல்லூரிப் பட்டியலை மாற்ற வேண்டுமா?

அநேகமாக ஆமாம். ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்ட், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் என்று பெயர் தெரிந்த பத்தைப் போட்டுவிட்டு, சொந்த மாநிலக் கல்லூரி இரண்டை மட்டும் ஒப்புக்குச் சேர்ப்பது நம் வீடுகளில் வழக்கம். அரசுக் கல்லூரிகள் தங்கள் மாநிலத்தவருக்கே முன்னுரிமை தரும். டெக்சாஸில் வெளி மாநிலத்தவர் 10 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று சட்டமே இருக்கிறது. டெக்சாஸ் பிள்ளை வேலைக்காக பாஸ்டன் போகும் முன், மாநில வதிவிடத் தகுதி போய்விடுமா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும்.

டிஓ (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) கல்லூரிகளைச் சேர்க்காதிருந்தால் இந்த முறை சேருங்கள். சேர்பவர்களின் சராசரி எம்கேட் 504-ஐ ஒட்டியது. அமெரிக்க மருத்துவ மாணவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் இன்று டிஓ படிக்கிறார்கள். அவர்களும் முழு மருத்துவர்கள், 2020-லிருந்து ரெசிடென்சி என்ற பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சியும் எம்டிக்களோடு ஒரே குடையின்கீழ். "அது ஏதோ எலும்பு வைத்தியமாமே" என்று ஊரில் யாராவது சொன்னால் விட்டுத்தள்ளுங்கள்.

காத்திருப்பதற்குப் பதிலாகக் கரீபியன் தீவு மருத்துவக் கல்லூரியில் சேர்த்துவிட்டால் என்ன?

ஒரே ஒரு முறை நிராகரிக்கப்பட்டவருக்கு நான் சொல்ல மாட்டேன். அமெரிக்க எம்டி கடைசி வருஷ மாணவர்களில் 93 சதவீதத்தை ஒட்டி ரெசிடென்சி கிடைக்கிறது. வெளிநாட்டில் படித்துத் திரும்பும் அமெரிக்கக் குடிமக்களுக்கு அது மூன்றில் இரண்டு பங்குதான். நடுவில் படிப்பை விட்டவர்கள் இந்தக் கணக்கிலேயே வர மாட்டார்கள். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் மருத்துவ மாணவருக்கு அரசுக் கடன் வருஷத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று வரம்பு வந்திருக்கிறது. மீதிக்குத் தனியார் கடன்தான், உங்கள் கையெழுத்தோடு. ரெசிடென்சி கிடைக்காமல் அந்தக் கடனோடு நிற்பதைவிட இங்கே இரண்டு வருஷம் வேலை பார்ப்பது மேல்.

தமிழ்ப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தது, பரதநாட்டிய அரங்கேற்றம், இதெல்லாம் எடுபடுமா?

தமிழ்ப் பள்ளி எடுபடும், கல்லூரி நாட்களிலும் தொடர்ந்திருந்தால். கற்பித்தல் என்று தனி வகையே இருக்கிறது. பத்தாம் வகுப்பில் முடிந்த அரங்கேற்றத்தைப் போட வேண்டாம். இன்னும் ஆடுகிறாள் என்றால் போடலாம்.

நேர்முகத்தில் "போன முறை ஏன் கிடைக்கவில்லை என்று நினைக்கிறாய்?" என்று கேட்டால்?

கட்டாயம் கேட்பார்கள். சில கல்லூரிகள் செகண்டரி (ஒவ்வொரு கல்லூரியும் தனியாகக் கேட்கும் கூடுதல் விண்ணப்பம்) கட்டுரையிலேயே கேட்டுவிடும். போட்டி அதிகம், தாமதமாக அனுப்பினேன் என்று வெளியே கைகாட்டக் கூடாது. என்ன குறை இருந்தது, அதற்கு என்ன செய்தேன், இரண்டே வாக்கியம். அதற்குமேல் புலம்பலும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். வீட்டில் நீங்கள் ஒத்திகை பார்க்காதீர்கள், பிள்ளை உங்களிடம் பேசுவதுபோல் அங்கே பேசப் போவதில்லை. கல்லூரியின் கேரியர் அலுவலகம், வேலையில் பழகிய மருத்துவர் இவர்களோடு பார்க்கட்டும்.

சரி, நாங்கள் என்னதான் செய்வது?

கல்லூரி சேர்க்கை அலுவலகத்துக்கு நீங்கள் போன் செய்யாமல் இருப்பது முதல் உதவி. அப்புறம் பணம். முதல் கல்லூரிக்கு ஆம்காஸ் கட்டணம் 175 டாலர் வாக்கில், அடுத்து ஒவ்வொன்றுக்கும் 45 டாலருக்கு மேல், செகண்டரி கட்டணம் பல இடங்களில் 100 டாலர் வாக்கில். இருபது கல்லூரிக்கு 3,000 டாலர் தாராளமாக ஆகும். ஸ்க்ரைப் சம்பளத்தில் அதைச் சேர்ப்பது கஷ்டம், முடிந்தால் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். 26 வயது வரை உங்கள் மருத்துவக் காப்பீட்டில் பிள்ளையை வைத்திருக்கலாம், வேலையிடத்தில் காப்பீடு இல்லையே என்று நல்ல வேலையை விட வேண்டியதில்லை. வார இறுதி விருந்தில் "உங்க பொண்ணு இப்ப என்ன பண்றா?" என்று யாராவது கேட்டால், "ஆஸ்பத்திரியில வேலை பாக்கறா" என்று சொல்லுங்கள். அது உண்மைதானே.